மழையில் அழியாத பெயிண்ட்

அன்று மழை எப்போது தொடங்கியது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. தேவாலயத்தில் காலை மணி அடிப்பதற்கு முன்பே தூறல் விழுந்தது என்றுதான் நினைக்கிறேன். "இல்லவே இல்ல, மணி அடிச்ச பிறகுதான்" என்கிறான் நெவியோ. அவன் எங்கள் பக்கத்து வீடு. அப்போது இருவரும் ஒரே வகுப்பில் படித்தோம்.

எதை நான் பார்த்தேன், எதை அவன் சொல்லிக் கேட்டேன் என்பதுகூட இப்போது கலந்துபோய்விட்டது. ஆனால் சாலை வழுக்கியது நிச்சயம். என் முழங்காலில் தழும்பு இருக்கிறது.

எங்கள் ஊர் மலைக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் நடுவில் இருக்கிறது. கணவாயிலிருந்து இறங்கும் சாலை எங்கள் ஊரைத் தாண்டியதும் ஒரு பெரிய வளைவில் திரும்பி, தோட்டங்களுக்குள் நுழைந்துவிடும். அந்த ஆண்டு மே மாதம், நாட்டைச் சுற்றி வரும் சைக்கிள் பந்தயம் அந்தச் சாலை வழியாக வரப்போகிறது என்று அறிவித்தார்கள்.

ஊரே குதித்தது. ஏனென்றால் அந்தப் பந்தயத்தில் என் அப்பா அடெல்மோவும் இருந்தார்.

அப்பா எந்தப் பந்தயத்திலும் ஜெயித்தது இல்லை. ஜெயிப்பது அவர் வேலையும் இல்லை. அணித் தலைவருக்குத் தாகம் எடுத்தால், பின்னால் வரும் காருக்குப் போய், சட்டைக்குள் தண்ணீர் பாட்டில்களைத் திணித்துக்கொண்டு, மறுபடி முன்னால் மிதித்து வருவார். எதிர்காற்று அடித்தால் தலைவருக்கு முன்னால் போய்ச் சுவர் மாதிரி காற்றை மறைத்துக்கொண்டு ஓட்டுவார். டயர் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பந்தயம் வரும் சாலையில், பிடித்த வீரரின் பெயரைச் சுண்ணாம்பால் பெரிதாக எழுதுவார்கள். ஹெலிகாப்டரில் இருந்து படம் எடுக்கும்போது அது தொலைக்காட்சியிலும் தெரியும்.

ஒருமுறை அப்பா என்னிடம் சொன்னார்: "பத்து வருஷமா மத்தவங்க பேரு மேலேயே ஓட்டிட்டிருக்கேன், ஜெம்மா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொன்ன பிறகு வெகுநேரம் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அதனால், பெயர் எழுத வேண்டும் என்று முதலில் கேட்டது நான்தான். எழுதியவர் முடிதிருத்துபவரான குவெரீனோ மாமா.

"சுண்ணாம்பு வேணாம்" என்றார் அவர். "ஒரு தூறல் போட்டா கரைஞ்சிடும். திராட்சை ஆலை இரும்புக் கதவுக்கு அடிச்ச வெள்ளைப் பெயிண்ட் மிச்சம் இருக்கு. மழையில அழியாது. பளபளன்னு நிக்கும்."

"ரெண்டு தடவை அடிங்க மாமா" என்றேன்.

"மூணு தடவை அடிக்கிறேன். அடெல்மோ என்ன சும்மா ஆளா?"

எங்கள் மொழியில் அப்பா பெயருக்கு ஆறு எழுத்துகள். முதல் எழுத்தான ஏ-வை அவர் ஆசையாக யானை அளவுக்கு எழுதினார். எம் எழுதியதோடு சாலை முடிந்துவிட்டது. கடைசி எழுத்தான ஓ-வுக்கு இடமே இல்லை. சாலையைத் தாண்டி, சாக்கடையை மூடியிருந்த சிமென்ட் பலகையின் மேல் அதை எழுதினார். எங்கள் எழுத்தில் ஓ என்பது வெறும் வட்டம்தான். அவருடைய வட்டம் கொஞ்சம் கோணலாக இருந்தது.

"ஓ சாக்கடை மேல போயிடுச்சே!" என்று நெவியோ சிரித்தான்.

"உன் தலைமுடி என் கையிலதான் இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ" என்றார் மாமா.

அன்று மாலை அப்பா வேறொரு ஊரிலிருந்து தொலைபேசியில் பேசினார். "பெரிய வளைவுல உங்க பேரு இருக்கும்பா. பாருங்க" என்றேன்.   "பார்க்கிறேன்" என்றார்.

மறுநாள்தான் பந்தயம். போலீஸ் சாலையை மூடுவதற்கு முன் பெயரை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று என் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். தூறிக்கொண்டிருந்தது. மாமா சொன்னது போலவே பெயர் பளபளவென்று நின்றது. வளைவு வந்ததும் பிரேக் பிடித்தேன். சக்கரம் எல் என்ற எழுத்தின் மேல் இருந்தது.

அடுத்த நொடி சைக்கிள் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன்.

எழுந்து உட்கார்ந்து எழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். சோப்பு போட்ட தட்டு மாதிரி இருந்தது. பக்கத்தில் இருந்த தார்ச் சாலை சொரசொரவென்று இருந்தது.

நான் மெதுவாகத்தான் வந்தேன். கணவாயிலிருந்து இறங்குகிறவர்கள் மெதுவாக வர மாட்டார்கள். அவர்களும் இதே இடத்தில்தான் பிரேக் பிடிப்பார்கள்.

குவெரீனோ மாமா கடையில் ஒருவருக்கு முகச்சவரம் செய்துகொண்டிருந்தார்.

"மாமா, பேரு வழுக்குது."

"நீ சின்னப் பொண்ணு, விழுந்துட்டே. அவங்கள்லாம் முட்டை மேலகூட ஓட்டுவாங்க. முழங்கால்ல மருந்து போடு, போ."

"நீங்க வந்து நின்னு பாருங்க மாமா."

"நான் எதுக்கு நிக்கணும்?"

"வழுக்கலைன்னா நின்னுட்டு வந்துடலாமே."

பாதி முகத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்தவர் சிரித்துவிட்டார். மாமாவுக்கு ரோஷம் வந்தது. கத்தியை மடித்து வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போடும் நல்ல செருப்போடு விறுவிறுவென்று என் பின்னால் வந்தார். வளைவில் அதற்குள் நிறைய பேர் குடைகளோடு சேர்ந்திருந்தார்கள். நெவியோ மாட்டு மணி ஒன்றை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் பாருங்க!" என்றபடி மாமா டி-யின் மேல் காலை வைத்தார். கால் இ-க்குப் போனது. மாமா டி-யிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. 

"அழிச்சிடலாம்" என்றேன்.

"என்ன பேச்சு பேசுறே?" என்றார் ஒரு பெரியவர். "பந்தயம் நம்ம ஊருக்கு வர்றதே முதல் தடவை. பேரே இல்லாம அவனை வரவேற்கிறதா?"

"அப்பா பேரு மேலேயே அப்பா விழணுமா?"

 யாரும் நகரவில்லை. நான் பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடி, கொடிகளுக்கு மண் அணைக்கும் மண்வெட்டி ஒன்றை எடுத்து வந்தேன். அதைச் சாய்த்துப் பிடித்து எல்-லைச் சுரண்டினேன். மூன்று தடவை அடித்த பெயிண்ட் அடியில் இன்னும் காயவில்லை. பாலாடை மாதிரி சுருண்டு வந்தது. நெவியோ மணியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு மண்வெட்டி கொண்டுவந்தான்.

அப்போதுதான் அம்மா வந்தாள். நல்ல உடையும் நல்ல காலணியும் போட்டு, அப்பா பார்ப்பார் என்று தலைசீவி வந்திருந்தாள். சுருண்டு கிடந்த வெள்ளையைப் பார்த்தாள். என் முழங்காலைப் பார்த்தாள்.

குவெரீனோ மாமா தலைகுனிந்து, "இனேஸ், என் தப்புதான். நான்தான் இந்தப் பெயிண்டை..." என்றார்.

அம்மா குடையை மடக்கி அவர் கையில் கொடுத்தாள். நெவியோவிடமிருந்து மண்வெட்டியை வாங்கினாள். போய் ஏ-யிலிருந்து ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு ஊரே சுரண்டியது. மண்வெட்டி கிடைக்காதவர்கள் ஓட்டுத் துண்டால் தேய்த்தார்கள். மாமா சவரக் கடையிலிருந்து துண்டுகளைக் கொண்டுவந்து துடைத்தார். போலீஸ் மோட்டார் சைக்கிள்கள் வந்து எங்களை ஓரத்துக்கு விரட்டியபோது சாலையில் தார் மட்டும்தான் இருந்தது.

"ஓ இருக்கே!" என்று கத்தினான் நெவியோ.

"அது சாலையில இல்ல. அந்தப் பலகை மேல யாரும் ஓட்ட மாட்டாங்க. விடு" என்றேன்.

முதலில் சிலர் தனியாக வந்தார்கள். பிறகு பெரிய கூட்டம் ஒன்றாக இறங்கியது. தலைக்கு மேல் ஹெலிகாப்டர் இரைந்தது. வளைவில் எல்லோரும் ஒரே இடத்தில் பிரேக் பிடித்தார்கள். ஈரச் சக்கரங்கள் கிரீச்சிட்டன. ஒருவருடைய பின்சக்கரம் கொஞ்சம் ஆடியது. பிறகு நேராகிவிட்டது. யாரும் விழவில்லை.

கூட்டத்தின் கடைசியில் அப்பா வந்தார். முகமெல்லாம் சேறு. சட்டைக்குள் பாட்டில்கள் புடைத்திருந்தன. நாங்கள் "அடெல்மோ! அடெல்மோ!" என்று கத்தினோம். அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தேடினார்.

வளைவைத் தாண்டிய பிறகும் ஒருமுறை தலையைத் திருப்பிச் சாலையைப் பார்த்தார். பிறகு தோட்டங்களுக்குள் மறைந்துவிட்டார்.

அந்த முகத்தை நான் சரியாக நினைவில் வைத்திருக்கிறேன். அதில் மட்டும் சந்தேகம் இல்லை.

மாலையில் தொலைபேசி அடித்தது.

"ஜெம்மா" என்றார் அப்பா. "பேரு எழுதுறதா சொன்னியே."

"எழுதினோம்பா. அப்புறம் அழிச்சிட்டோம்."

  

"ஏம்மா?"

"மழையில வழுக்கிச்சு. நான் விழுந்தேன். குவெரீனோ மாமாவும் விழுந்தாரு. நான்தான் அழிக்கலாம்னு சொன்னேன்."

 

"நான் வளைவைப் பார்க்கவே இல்ல" என்றார் அப்பா மெதுவாக. "பேரைத் தேடிட்டே வந்தேன். திடீர்னு வளைவு வந்ததும் ரெண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடிச்சிட்டேன். பேரு இருந்திருந்தா அது மேலதான் பிடிச்சிருப்பேன்." பிறகு கேட்டார்: "முழங்கால் வலிக்குதா?"

"கொஞ்சம்."

"எங்க அணியில இருக்கிற டாரியோ கேட்டான், உங்க ஊர்ல சாக்கடை மேல எதுக்கு முட்டை வரைஞ்சு வெச்சிருக்காங்கன்னு."

"அது முட்டை இல்லப்பா! ஓ! உங்க கடைசி எழுத்து!"

அப்பா சிரித்தார். வெகுநேரம் சிரித்தார். பிறகு மூக்கை உறிஞ்சுவது கேட்டது. மழையில் சளி பிடித்திருக்கலாம்.

"அப்போ என் பேரு இருந்திருக்கு" என்றார்.

"ஆமாம்பா. கொஞ்சம் இருந்துச்சு."

அந்த ஆண்டோடு அப்பா பந்தயங்களை விட்டுவிட்டார். பிறகு திராட்சை ஆலையில் லாரி ஓட்டினார். பெரிய பந்தயம் அதன் பிறகு எங்கள் சாலை வழியாக வரவில்லை. மீதி ஐந்து எழுத்துகளை அவர் ஒருநாளும் பார்க்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாகத்தான் இருக்கிறது. சுண்ணாம்பில் எழுதியிருக்கலாம். தூறலில் கரைந்திருந்தாலும், பாதியாவது பார்த்திருப்பார்.

குவெரீனோ மாமா வயதாகும் வரை முடிவெட்டினார். அந்த டி-யைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், காதருகில் கத்தரியைக் கிளிக்கென்று காட்டுவார். இப்போது அவர் இல்லை. அம்மா இன்னும் தோட்டத்துக்குப் போகிறாள். நெவியோ பேருந்து ஓட்டுகிறான், மழை பற்றி என்னோடு சண்டை போடுகிறான். நான் கீழ்ப்பள்ளத்தாக்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன்.

சாக்கடையை அகலமாக்கியபோது அந்த சிமென்ட் பலகையைத் தூக்கிப் போட்டார்கள். அப்பாவும் நெவியோவும் அதைத் தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அப்பாவின் சைக்கிள் இப்போது அதன் மேல்தான் நிற்கிறது. மேலே கூரை இல்லை. ஒவ்வொரு மழையும் அதன் மேல்தான் விழுகிறது.

கோணல் வட்டம் அப்படியே இருக்கிறது. அந்தப் பெயிண்ட் மழையில் அழியாது என்று மாமா சொன்னது மட்டும் சரிதான்.