ஜிப்புக்காரியின் புகார்

"புகாரை வாபஸ் வாங்குறியா, இல்ல இந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கித் தெருவுல போடட்டுமா?"

அன்று காலை கணவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். பல்கூட விளக்கியிருக்கவில்லை. அவள் அடுப்படியில் நின்று மாமியாரின் மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவா பேசுங்க. அத்தை தூங்குறாங்க."

"நான் தூங்கலடி!" உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "இந்த வீட்டுல யாருக்குத் தூக்கம் வருது? என் சின்னப் பிள்ளை ராத்திரி பூரா கூண்டுல அடைச்ச புலி மாதிரி நடந்துக்கிட்டே இருந்தான். நீதான் நிம்மதியா குறட்டை விட்ட!"

அவள் மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுபோய் மாமியார் பக்கத்தில் வைத்தாள். மாமியார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆனால் மாத்திரையை எடுத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஆல்டரேஷன் கடையில் வேலை. மற்றவர்கள் பேண்ட் நீளம் குறைப்பார்கள், தொளதொள சட்டையைப் பிடித்துத் தைப்பார்கள். அவள் பார்ப்பது ஜிப் மட்டும். பல் விட்டுப்போனது, பிடித்து இழுக்கிற ரன்னர் கழன்றது, துணியைக் கவ்விக்கொண்டு நகராதது. வருகிறவர்கள் கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டதால், ஒருநாள் பதில்களை எழுதி ஒரு வெப்சைட்டில் போட ஆரம்பித்தாள். ஜிப்புக்கு மட்டுமான வெப்சைட்.

"ஜிப்புக்கு ஒரு வெப்சைட்டா! அப்புறம் பட்டனுக்கு ஒண்ணு, ஊக்குக்கு ஒண்ணா?" என்று வீடே சிரித்தது. கொழுந்தன் அவளுக்கு ஜிப்புக்காரி என்று பெயர் வைத்தான். முதல் வருடம் அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கை வரவில்லை. அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பெட்டி மூட முடியாமல் விமான நிலையத்தில் நின்றவன். பிள்ளையின் மழைக்கோட்டு ஜிப் தாடையில் மாட்டிக்கொண்டு அலறிய அம்மா. வந்தவர்கள் நன்றி சொன்னார்கள், அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். விளம்பரத்தில் வருமானமும் கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப்பார்த்தது.

கொழுந்தனுக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. அவன் சேர்ந்தது ரெடிமேட் வருமானத் திட்டம். சந்தாவைக் கட்டினால் மறுநாள் காலை உன் பெயரில் இணையத்தில் ஒரு கடை. கட்டுரை, படம், விளம்பரம் எல்லாம் அவர்களே ஏற்றித் தருவார்கள். "நீங்க எதுவும் எழுத வேணாம். எதுவும் தெரிஞ்சிருக்கவும் வேணாம். நாலு பேரைச் சேத்துவிட்டா போதும்." இதைக் கேட்டு அவள் கணவன் கிடங்கு மேற்பார்வை வேலையை விட்டான். திட்டத்துக்குள் நுழைய அவளுடைய வளையல்கள் போயின. யாரும் பிடுங்கவில்லை. அவளே கழற்றிக் கொடுத்தாள்.

திட்டத்தின் கடைகளுக்கெல்லாம் பொதுவான கட்டுரைக் கிடங்குக்குப் புதுக் கட்டுரை கொடுப்பவர்களுக்கு ஒரு படி பதவி உயர்வு என்றார்கள். அடுத்த வாரமே அவளுடைய பக்கங்கள் ஐம்பது ரெடிமேட் கடைகளில் முளைத்தன. அவள் வெளியிடாமல் பாதியில் விட்டிருந்த பக்கம்கூட அங்கே பாதியிலேயே நின்றது. அவளுடைய பாஸ்வேர்டு அவளைத் தவிர ஒருவனுக்குத்தான் தெரியும். வெப்சைட்டைப் புதுப்பிக்க உதவியபோது அதை வாங்கிக்கொண்ட கொழுந்தனுக்கு.

அதற்குப் பிறகு அவள் வெப்சைட்டுக்கு வந்தவர்கள் குறைந்தார்கள். ஒருவர் எழுதியிருந்தார்: 'ஊரெல்லாம் இருப்பதைத் திருடிப் போட்டு நன்றாகப் பிழைக்கிறீர்கள்.' அதைப் படித்த அன்றுதான் அவள் புகார் கொடுத்தாள். கடைகளுக்கு இணையத்தில் இடம் கொடுத்திருந்த நிறுவனம் பதில் அனுப்பியது. இன்று மாலைக்குள் புகார் வாபஸ் ஆகாவிட்டால் ஐம்பது கடைகளும் மூடப்படும்.

வாபஸ் வாங்கினால், அந்தப் பக்கங்கள் தன்னுடையவை அல்ல என்று அவளே ஒப்புக்கொண்டதாகும். விஷயம் அவ்வளவுதான்.

கொழுந்தன் கோட்டு மாட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்தான். வீட்டுக்குள்ளேயே கோட்டு!

"அண்ணி, பத்து மணிக்கு எங்க திட்டத்துத் தலைவர் டைமண்ட் சார் வீடியோவுல வர்றார். நம்ம ஆளுங்களும் கூடத்துக்கு வர்றாங்க. நீங்க ஒண்ணும் பேச வேணாம். 'தெரியாம பண்ணிட்டேன்'னு ஒரு வார்த்தை... முடிஞ்சுது."

"தம்பி, என் முகத்தைப் பாத்துச் சொல்லு. நீ எடுக்கல?"

"கம்பெனிக் கடையில அந்தப் பக்கத்துக்கெல்லாம் அஞ்சு வருஷத்துக்கு முந்தின தேதி போட்டிருக்கு அண்ணி. நீங்க ஆரம்பிச்சே மூணு வருஷம்தான். யாரு யாருகிட்டேயிருந்து எடுத்தா?" அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஃபிரிட்ஜைப் பார்த்துப் பேசினான்.

"கேட்டியா?" என்றான் கணவன். "திருடினதுமில்லாம புகாரு வேற! ஊரான் பிழைப்புல மண்ணைப் போட உனக்கு எங்கேயிருந்துடி துணிச்சல் வந்துச்சு?"

"நீங்களுமாங்க...?" அவள் அவன் பக்கம் திரும்பினாள். "நான் எழுதும்போது எதிர்ல உக்காந்து டிவி பாத்தது நீங்கதானே! சத்தமா டைப் அடிக்காதன்னு திட்டினது நீங்கதானே!"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்குப் போனான்.

பத்து மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. எல்லோரும் அதே அடுக்குமாடிக் கட்டடத்துக்காரர்கள், கொழுந்தன் சேர்த்துவிட்டவர்கள். லிஃப்ட் மெக்கானிக் வேலை உடுப்போடு வந்திருந்தார். மேல்வீட்டு நர்ஸ் டியூட்டி முடிந்து தூங்காமல் வந்து எரிச்சலில் இருந்தாள். நாற்காலி போதவில்லை என்று பாதிப்பேர் சுவரில் சாய்ந்து நின்றார்கள். அவளுக்கு யாரும் வழிவிடவில்லை.

"உன் ஒருத்தி வயித்தெரிச்சலுக்கு எங்க எல்லார் வயித்துலயும் அடிப்பியாம்மா?" என்றார் மெக்கானிக்.

"இவ கண்ணு பட்டுதான் என் கடைக்கு ஒருத்தரும் வரல," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மாமியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். "நல்ல வேளை, இவ மாமனார் இதையெல்லாம் பாக்காமப் போய்ச் சேந்தாரு!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

டிவியில் டைமண்ட் சார் தோன்றினார். பின்னால் ஒரு நீச்சல்குளம், அசையாத நீச்சல்குளம். "சகோதரி! பொறாமை ஒரு நோய். உங்க மேல எனக்குக் கோபமில்ல, பரிதாபம்தான். எல்லாத்தையும் நீங்க எழுதினதா சொல்றீங்களாமே? சரி, சபையிலயே பாத்துடுவோம். யாராவது உங்க கடையைத் திறந்து ஒரு பக்கம் படிங்க. அதுல இந்த அம்மா பேரு எங்கேயாவது இருக்கான்னு பாப்போம்!"

கொழுந்தன் மட்டும், "எதுக்கு சார் டைம் வேஸ்ட்..." என்று முணுமுணுத்தான். அதற்குள் நர்ஸ் போனைத் திறந்துவிட்டாள். திட்டத்தில் சேர்ந்ததிலிருந்து அவள் தன் கடையைத் திறந்து பார்ப்பது அதுவே முதல் தடவை போலிருந்தது. எங்கே தொடுவது என்று தேடினாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள்.

"'முதுகுப்பக்கம் எட்டாத ஜிப். என் மாமியாருக்கு வலது தோள் மேலே போகாது...'" நிறுத்தினாள். "என்ன இது? எனக்குக் கல்யாணமே ஆகலியே!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"படிங்க சிஸ்டர், படிங்க," என்றார் டைமண்ட் சார்.

"'குளியலறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு முதுகு ஜிப்போடு மல்லுக்கட்டுவார். உதவிக்கு யாரையும் கூப்பிட மாட்டார். கூப்பிட்டால் கௌரவம் போய்விடும் என்று நினைப்பவர். ஒருநாள் உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. நான் கேட்காத மாதிரி பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினேன். அந்த வாரமே அவருடைய உடுப்புகளின் முதுகு ஜிப்பையெல்லாம் பிரித்து முன்பக்கம் வைத்துத் தைத்தேன். இப்போது இதுதான் மோஸ்தர் என்று பொய் சொன்னேன். நல்ல துணியைக் கெடுத்துவிட்டாய் என்று இன்றுவரை திட்டுகிறார். திட்டட்டும். தாழ்ப்பாளுக்குப் பின்னால் அழுவதற்கு இது மேல். முன்பக்கம் மாற்றித் தைப்பது எப்படி என்று இனிப் பார்ப்போம்...'"

நர்ஸ் தலைநிமிர்ந்தாள். கூடத்தில் எல்லோருடைய கண்களும் ஒரே இடத்துக்குப் போயின. மாமியார் அணிந்திருந்த உடுப்பில் ஜிப் கழுத்திலிருந்து வயிறுவரை முன்பக்கம் நேராக இறங்கியது.

"என் கடையிலயும் அதே மாமியார் இருக்காங்களே!" என்றார் மெக்கானிக், தன் போனைத் தள்ளிப் பார்த்து. "தேதி அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி! நான் சேந்ததே போன மாசம்யா!"

டிவியில் நீச்சல்குளம் இருந்தது, டைமண்ட் சார் இல்லை. பிறகு அதுவும் இல்லை.

மாமியார் எழுந்து நின்றாள். சின்ன மகனின் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"எடுத்து அம்பது பேருக்குக் குடுத்தியேடா... படிச்சியா? ஒரு வரி படிச்சியா? நான் குளியலறையில அழுததை ஊருக்கெல்லாம் வித்திருக்கியேடா பாவி!"

"அம்மா, அதுல அப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதும்மா... யாருமே படிக்கறதில்லம்மா... எடுத்து ஏத்தறதுதான் வேலை..."

"அப்போ நீதான் எடுத்த!" என்றான் கணவன். அந்தக் குரலில் இருந்தது கோபம் அல்ல, பயம்.

வந்தவர்கள் கொழுந்தனைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களைத் தள்ளிக்கொண்டு அவன் படியிறங்கினான். அவர்களும் கத்திக்கொண்டே பின்னால் போனார்கள். நர்ஸ் மட்டும் வாசலில் நின்று, "அக்கா, மன்னிச்சுக்கோங்க," என்றுவிட்டுத் தூங்கப் போனாள்.

கூடத்தில் மூன்று பேர் மிஞ்சினார்கள்.

மாமியார் பெரியவனைப் பார்த்தாள். "ஏண்டா, இந்தத் திட்டத்துல உனக்கு இதுவரைக்கும் வருமானம் வந்துச்சா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உன்னைத்தாண்டா கேக்கறேன்! மாசாமாசம் மருந்து வாங்கி வந்து 'உங்க பிள்ளை குடுத்தது அத்தை'ன்னு இவ சொல்லுவாளே... அதைக் கேட்டு நானும் மேல்வீடு கீழ்வீடெல்லாம் உன் பெருமையை அளந்தேனே! அது யார் குடுத்தது?"

அவன் தரையைப் பார்த்தான். "அவதான்... கடையில வர்றது, அப்புறம் அந்த ஜிப் வெப்சைட்..."

"தெரிஞ்சும் காலையில அவளைத் திருடின்ன! நான் வையறப்பல்லாம் பாத்துக்கிட்டு இருந்த!"

"விடுங்க அத்தை," என்றாள் அவள். கண்ணீர் அப்போதுதான் வந்தது. "அவர் தலைகுனிஞ்சு நிக்கக் கூடாதுன்னு நான்தான் அப்படிச் சொன்னேன்."

"நீ பேசாத! உன்னால இவன் கெட்டான்!" என்று கத்திய மாமியார், அதே வேகத்தில் வந்து இடது கையால் அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். வலது கை எழவில்லை. "என்னை மன்னிச்சிடுன்னு சொல்ல எனக்கு வாய் வரலடி... பழக்கமில்ல..."

"வேணாம் அத்தை. திட்டுங்க, அது போதும்."

இருவரும் அழுதார்கள். கணவன் மெல்லக் கேட்டான்: "அவன் பண்ணது தப்புதான். ஆனா நீ புகாரை வாபஸ் வாங்கலேன்னா அவன் நடுத்தெருவுக்கு வந்துடுவான். தம்பி ஆச்சே... இந்த ஒரு தடவை..."

"வாபஸ் வாங்காதடி," என்றாள் மாமியார், அணைப்பை விடாமலே.

"வாங்க மாட்டேன் அத்தை." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள். "வளையல் கேட்டப்போ கழட்டிக் குடுத்தேன். அது கடையில வாங்கினது. இது நான் உக்காந்து பண்ணது. குடுக்க மாட்டேன்."

அவன் உள்ளே போனான். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கையில் ஒரு பயணப் பை இருந்தது. கோபித்துக்கொண்டு கிளம்புகிறான் என்று மாமியார் நினைத்து வாயைத் திறந்தாள். அவன் பையை மனைவி முன்னால் நீட்டினான்.

"இது... ரன்னர் கழண்டு ரொம்ப நாளாச்சு."

அவள் பையைத் திருப்பிப் பார்த்தாள். முன்பு யாரோ தைத்திருந்தார்கள், அதுவும் மோசமாக. "இவ்வளவு நாளா இதையெல்லாம் எங்க குடுத்தீங்க?"

"ஸ்டேஷன் பக்கத்துல ஒருத்தன்கிட்ட."

அவள் எழுதிய அவ்வளவு பக்கங்களில் அவனைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததற்குக் காரணம் அதுதான். அவன் அவளிடம் எதையும் கொடுத்ததே இல்லை. அவள் அதைச் சொல்லவில்லை. பையை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"கடைக்குக் கொண்டு வாங்க. உங்களுக்கு முன்னாடி ஆள் இருந்தா நிக்கணும்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். ஏற்கெனவே நேரமாகிவிட்டிருந்தது.