எட்டாவது துணி

குளித்துவிட்டுப் போன சுற்றுலா விருந்தினர் ஏழு பேர். ஆனால் குளிக்க உட்காரும் பலகையில் விரித்துக்கொள்ளும் துணிகளில் எட்டு நனைந்திருந்தன. ஹில்க்கா மறுபடி எண்ணினாள். எட்டாவது துணியில் கரி அப்பியிருந்தது. மற்றவை ஆறிப்போன பிறகும் அது சுட்டது. யாரோ இரண்டு எடுத்திருப்பார்கள் என்று கூடையில் போட்டாள்.

அவள் மனம் விருந்தினர் கருத்து எழுதிவிட்டுப் போன ஏட்டிலேயே கிடந்தது. மரத் தேவாலயம், அருவி, ஏரிக்கரைப் பாறை ஓவியம் எல்லாவற்றையும் தங்கை ரௌனி அழகாகச் சுற்றிக் காட்டினாளாம். சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் வேர்க்கும் புகைக்குளியலும் அற்புதமாம், அதற்கும் ரௌனிக்கே நன்றியாம். புகைபோக்கி இல்லாத அந்தக் குளியல் குடிலில் காலையிலிருந்து விறகு தள்ளி, கண் எரிய எரியக் கல்லைச் சூடேற்றி, புகையை வெளியேற்றிப் பலகை கழுவியவள் ஹில்க்கா. அவளுக்கு ஒரு வரி? ம்ஹும். கூடப் பிறந்த தங்கைதான், ஆனாலும் வயிறு எரிந்தது.

ரௌனி படகுத்துறையிலிருந்து கத்தினாள். "அக்கா, கல்லுல ஒரு கரண்டி தண்ணி ஊத்திட்டு வந்துடு. கடைசிக் குளியல் கிழவருக்கு!"

"தெரியும்டி. எனக்கே பாடம் எடுக்காத."

குடிலில் குடியிருக்கும் காவல் ஆவியான கிழவருக்குக் கடைசி முறையை விட்டுவிட்டால், அதன் பிறகு பின்லாந்தில் யாரும் உள்ளே போவதில்லை. கண்ணுக்குத் தெரியாத கிழவருக்குக்கூடப் பங்கு உண்டு, எனக்குக் கிடையாதா? ஹில்க்கா உடையைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

மாலை எட்டு மணிக்கும் வெளியே பளீரென்று கோடை வெயில். உள்ளே கும்மிருட்டு; எதிர்ச்சுவரின் சிறு திறப்பில் மட்டும் வெளிச்சம். கரியின் வாடையும் குளிக்கும்போது உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் மரத் தழைக்கட்டு வேகும் மணமும் தொண்டையில் இறங்க, வாளியில் மிஞ்சிய தண்ணீர் முழுவதையும் கல்லில் கொட்டிவிட்டு, மேல் பலகையில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

கல் சீறி அடங்கியது. பிறகு மறுபடி சீறியது.

வாளி காலியாகத்தானே இருந்தது?

முதுகில் தழைக்கட்டு பட்டது. மெதுவாக, இதமாக.

"நல்லா தீ மூட்டியிருக்க," என்றது காதோரம் ஒரு குரல். "உன்ன மாதிரி யாரும் மூட்டினதில்ல."

அழுகை வந்தது. இதைக் கேட்கத்தானே இத்தனை வருஷம் ஏங்கினாள்.

கதவு தடதடத்தது. "அக்கா! உள்ளயா இருக்க? உனக்கென்ன பைத்தியமா? நான் வந்து இழுத்துட்டு வரட்டா?"

ரௌனி வந்தால் இதுவும் ரௌனியைத்தான் புகழும். அவள் சிரிப்புக்கு இதுவும் மயங்கிவிடும்.

"வராத! இதாவது எனக்கு மட்டும் இருக்கட்டும். போடி!"

"எப்படியோ போ."

காலடிகள் துறைப் பக்கம் தேய்ந்தன. தழைக்கட்டு நின்றது. சூடு ஏறியது. மூச்சு முட்டியது. இறங்கப் பார்த்தாள். தோளில் ஒரு கை. சொரசொரப்பான, கரி உதிரும் கை.

"உனக்கு மட்டும்தான்," என்றது குரல்.

திறப்பு வழியே ஏரி தெரிந்தது. வெயிலில் நீந்தும் ரௌனியின் நனைந்த தலை. கூப்பிட வாய் திறந்தாள். புகைதான் வந்தது.

தோளைத் தாண்டி இன்னொரு கை நீண்டது. எதிர்ச்சுவர் வரைக்கும் நீண்டது. கரிய விரல்கள் திறப்பை மூடும் பலகையை நிதானமாக இழுத்தன. நாலு விரல் வெளிச்சம். இரண்டு. நூலளவு.

கல் மறுபடி சீறியது.