பச்சைச் சம்பளம்

சண்முகவடிவு பேசத் தொடங்கியதும் பொன்னுசாமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தொண்டையைப் பார்த்தார். அங்கே ஒட்டியிருந்த மெய்விளக்கு பச்சையாக எரிந்தது.

பணக்காரர்களுக்கு முதலீட்டு நிதி விற்கிறவர்கள் எல்லோரும் மெய்விளக்கு அணிய வேண்டும் என்று சட்டம் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. சொல்வதைச் சொல்கிறவரே முழுசாக நம்பினால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. பேச்சு முடியும்வரை பச்சை எரிந்தால்தான் கமிஷன். பொய் ஒழிந்தது என்று ஊரே பட்டாசு வெடித்தது. கம்பெனிகள் அதற்காக நல்ல நிதிகளைத் தேடிப் போய்விடவில்லை, அது கஷ்டமான வேலை. விற்கிறவர்களை நம்பவைப்பது சுலபமாக இருந்தது. தினமும் காலையில் இருபது நிமிடம் நம்பிக்கையூட்டியை நெற்றியில் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். எழுந்து வரும்போது அன்றைக்கு விற்க வேண்டிய நிதி உலகத்திலேயே உயர்ந்ததாகத் தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்குத் தெளிந்துவிடும். மனச்சாட்சிக்கு அதற்குமேல்தான் வேலை நேரம்.

"ஏனுங்க அம்மணி, விண்கல்லுல போயி பிளாட்டினம் வெட்டிக் கொண்டாறதுங்கறீங்க. நெசமா வருமுங்களா?"

"கண்டிப்பா வருமுங்கய்யா. மூணு விண்கலம் போயிருக்குது."

பச்சை.

பொன்னுசாமி தன் பம்ப் தொழிற்சாலையை விற்றிருந்தார். அந்தப் பணத்தில் வரும் வருமானத்தை, தன்னிடம் வேலை பார்த்த நாற்பது பேருக்கு மாதாமாதம் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் இன்னொன்றும் கேட்டார்.

"உங்க சொந்தக் காசு இதுல இருக்குதுங்களா?"

"இருக்கறதெல்லாம் இதுலதானுங்கய்யா. வூட்டை வித்துப் போட்டிருக்கறேன்."

விளக்கு பளிச்சென்று எரிந்தது. அது சத்தியமான வார்த்தை. எத்தனையோ காலை வேளைகளில், தான் விற்றதைத் தானே வாங்கியிருந்தாள். கோயமுத்தூரிலேயே அதிகம் சம்பாதிக்கும் நிதி விற்பனையாளர் வாடகை வீட்டில் குடியிருந்தாள். பொன்னுசாமி ஒப்பந்தத்தில் கைரேகை வைத்தார்.

ஆறு மணிக்குப் பேருந்தில் வரும்போது சண்முகவடிவுக்குத் தெளிந்தது. கலங்கள் இரண்டு வருடத்தில் திரும்பியிருக்க வேண்டும். போய் ஆறு வருடம். ஒன்றிடமிருந்தும் தகவல் இல்லை. மற்ற நாள்களில் இந்த நேரத்தில் வீட்டுக்குப் போய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள். இன்றைக்கு அந்த நாற்பது பேரும் கண்முன் வந்து நின்றார்கள். எட்டு மணிவரை கைரேகையை ரத்து செய்யலாம். தான் உண்மையைச் சொன்னால் போதும், பச்சை எரியும், அவர் நம்பிவிடுவார்.

பாதி வழியில் இறங்கி, நிழற்குடையில் நின்றபடி முகம் தெரியும் அழைப்பில் கூப்பிட்டாள்.

"ஐயா, ரத்துப் பண்ணிருங்க. அந்தக் கலமெல்லாம் வராதுங்கய்யா. பணம் போயிருமுங்க." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அவர் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மணி, செவப்பு எரியுதுங்க."

திரையின் மூலையில் தெரிந்த தன் உருவத்தைப் பார்த்தாள். சிவப்புதான். அவளிடம் இருந்தது வெறும் சந்தேகம். வீட்டை விற்றுப் போட்டவளுக்கு, பணம் போய்விட்டது என்று முழுசாக நம்ப மனம் எப்படி ஒப்பும்? ஒருவேளை கலம் வந்துவிடாதா என்று அழும்போதும் உள்ளே ஒரு ஆசை கிடந்தது. விளக்குக்கு அவள் கண்ணீரும் பொய்.

"போட்டிக் கம்பெனிக்காரன் எவனாச்சும் மெரட்டறானுங்களா? பயப்படாதீங்க. காத்தால பச்சையில சொன்னதுதானுங்க நெசம். பேக்டரி வித்ததுல எந்தம்பிக்கு வந்த பங்கையும் இதுலயே போட்டர்றேன். நாளைக்குக் காத்தால வந்துருவீங்களல்லோ?"

சண்முகவடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காலையில் தனக்கு இந்த வேதனை இருக்காது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"வந்தர்றனுங்கய்யா" என்றாள்.

பச்சை எரிந்தது.