சிவப்பு காலி... நீலம் காலி... கறுப்பு?

"வேண்டாம்... கிட்டே வராதே...! ஆ... ஆ..."

அலறல் பாதியில் அறுந்தது.

எடிட்டர் ஹெட்போனைக் கழற்றினாள். கீபோர்டைத் தட்டினாள். மறுபடி தட்டினாள்.

திரை கறுப்பு.

மேஜைக்கு அடியிலிருந்து 'டக்... டக்...' என்று ஒரு சத்தம். பிறகு அதுவும் நின்றது.

இப்போது அலறியது அவள். முழுசாக!

"அண்ணா...!"

ஸ்டூடியோவின் ஓனரான அண்ணன் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தான்.

"என்ன ஆச்சு? யாருக்கு?"

"கம்ப்யூட்டர் செத்துப் போச்சு."

"அப்பாடா! நான் யாரோ ஆளுன்னு பயந்துட்டேன்."

"உள்ளே நாடகம் இருக்குண்ணா!"

அண்ணன் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தான். நாற்காலியில் மைக் இருந்தது. உட்கார்ந்ததைவிட வேகமாக எழுந்தான்.

வானொலி நாடகம். சாயந்திரம் நிலையத்துக்குப் போயாக வேண்டும். இத்தனை வருஷமாக 'உதவி' என்று கடைசியில் முணுமுணுக்கப்பட்ட அவள் பெயர், முதல் முறையாக 'ஒலித்தொகுப்பு' என்று தனியாக ஒலிக்கப்போகும் நாடகம்.

திரும்பப் பதிவு செய்யலாமா?

முடியாது! வில்லனாகப் பேசியவருக்குத் தொண்டையில் ஆபரேஷன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கிறார். வாயைத் திறந்தால் காற்று மட்டும் வருகிறது.

"போஸ்ட்மார்ட்டத்தைக் கூப்பிடு!" என்றான் அண்ணன்.

போஸ்ட்மார்ட்டம் என்பது கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர். எல்லாம் முடிந்த பிறகே கூப்பிடுகிறார்கள் என்பதால் வந்த பெயர். கையில் ஒரு மாற்றுக் கம்ப்யூட்டரோடு வந்தார். செத்ததைக் கழற்றினார். முகர்ந்தார்.

"டிஸ்க் போயிடுச்சும்மா. நாடகம் எங்கே இருந்துச்சு?"

"டி-ல. எங்க வேலை பூரா டி ட்ரைவ்லதான்."

"அப்போ டி-க்கு ஒரு நிமிஷம் மௌனம். காப்பி இருக்கா?"

எடிட்டரின் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"இருக்கு! மூணு இருக்கு!"

மூன்று வெளி ட்ரைவுகள். சிவப்பு உறை, நீல உறை, கறுப்பு உறை. ஒன்று கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கும். ஒன்று ஸ்டூடியோ பீரோவில் தூங்கும். ஒன்று அண்ணன் வீட்டு அலமாரியில். தீப்பிடித்தாலும் ஒன்று மிஞ்சட்டும் என்று திங்கட்கிழமைதோறும் இடம் மாற்றிக்கொள்ளும்.

சட்டம் போட்டவள் எடிட்டர். ஒவ்வொரு ட்ரைவிலும் கடைசி நாலு காப்பி இருக்க வேண்டும். இடம் பற்றாவிட்டால், ஆகப் பழசு ஒன்று மட்டும் அழியலாம். ஒன்றே ஒன்று!

போஸ்ட்மார்ட்டம் சிவப்பை மாட்டினார். பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஒரே ஒரு காப்பிதான் இருக்கு. அதுவும் பாதியில நிக்குது. டிஸ்க் இழுத்துக்கிட்டு இருந்தப்போ எடுத்திருக்காங்க. திறக்காது."

"மத்த மூணு?"

"இல்ல."

நீலத்தை மாட்டினார்.

துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது நீலம்!

"இடம் பத்தாம போயிருக்குமோ?" அண்ணன் நீலத்தை எட்டிப் பார்த்தான்.

"இடம் பத்தலைன்னா பழசு ஒண்ணு போகும் சார். குடும்பத்தோடயா போகும்? யாரோ கை வச்சிருக்காங்க. இது கொலை!"

"எதிர் ஸ்டூடியோக்காரன்! அவனேதான்! போன வாரம் என்னைப் பார்த்துச் சிரிச்சான்!"

"நீங்க சட்டையை உள்பக்கம் வெளியே போட்டிருந்தீங்கண்ணா. எல்லாரும்தான் சிரிச்சாங்க."

அப்போது கதவு திறந்தது.

அண்ணியின் தம்பி. ஸ்டூடியோ முழுக்க அவனுக்கு 'மச்சான்' என்றுதான் பெயர். ட்ரைவ் மாற்றுவது, விருந்தாளியைக் கவனிப்பது, வாசலில் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அவன் இலாகா.

"என்ன மாமா, எல்லாரும் எழவு வீடு மாதிரி நிக்கறீங்க? வெளியே பூச்செடி வேற கருகிப்போய்க் கிடக்கு."

எடிட்டர் சிவப்பையும் நீலத்தையும் அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இதுல இருந்ததை அழிச்சது யாரு?"

"நான்தான் மேடம்."



குற்றவாளி இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதில் போஸ்ட்மார்ட்டத்துக்கே ஏமாற்றம்.

"ஏன்டா?" அண்ணன் பாய்ந்தான். "எவன்டா சொன்னான் உனக்கு?"

"நீங்கதான் மாமா."

எல்லாத் தலைகளும் அண்ணன் பக்கம் திரும்பின.

"நானா...?"

"நேத்து போன்ல சொன்னீங்களே! 'மாப்பிள்ளே, பழைய காப்பி எதுவும் இருக்கக் கூடாது. ரெண்டையும் காலி பண்ணி, நல்லாத் துடைச்சு, புதுசா ஒரு காப்பி போட்டு வை'ன்னு. நான் ரெண்டு தடவை கேட்டேன். 'நிஜமாவா மாமா, ஒண்ணுகூட வேண்டாமா'ன்னு. 'சொன்னதைச் செய்டா'ன்னு கத்தினீங்க."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

"அது... அது ஃப்ளாஸ்க்ல இருந்த காப்பிடா! ரெண்டு ஃப்ளாஸ்க்! ரேடியோ நிலையத்து மேடம் வர்றாங்கன்னு சொன்னேன்!"

"ஃப்ளாஸ்க்னு நீங்க சொல்லவே இல்லையே மாமா."

"காப்பின்னா ஃப்ளாஸ்க்லதான்டா இருக்கும்!"

"நம்ம ஸ்டூடியோவுலயா? இங்கே காப்பின்னா, 'ட்ரைவ்ல காப்பி எடுத்தியா'ன்னு மேடம் திட்டுறதுதானே ஞாபகம் வரும்?"

எடிட்டருக்குப் பளிச்சென்று உறைத்தது.

"அப்போ அந்த மேடத்துக்கு நேத்து ஊத்தினது...?"

"ஃப்ளாஸ்க்ல என்ன இருந்துச்சோ அதுதான். முந்தின நாள் போட்டது. ஒரு வாய் குடிச்சாங்க. வாசல் வரைக்கும் டம்ளரோட போனாங்க. காலி டம்ளரோட வந்தாங்க."

பூச்செடி கருகியதன் மர்மம் விலகியது.

"புதுசா போட்ட காப்பி பாதியில நின்னுச்சே, அதையாவது பார்த்தீங்களா?" அவள் பல்லைக் கடித்தாள்.

"எரர்னு வந்துச்சு மேடம். ஓகேன்னு ஒரு பட்டன் இருந்துச்சு. சரி, கம்ப்யூட்டரே ஓகேங்குதேன்னு..."

"கறுப்பு இருக்கு சார்!" போஸ்ட்மார்ட்டம் குறுக்கிட்டார். "வீட்டுல ஒண்ணு இருக்குன்னீங்களே?"

எடிட்டர் மூச்சைப் பிடித்தாள். வில்லனின் பதிவு முடிந்த பிறகுதான் கறுப்பு வீட்டுக்குப் போனது. அது இருந்தால் போதும். வெட்டி ஒட்டுவதைச் சாயந்திரத்துக்குள் மறுபடி செய்துவிடலாம்!

மச்சான் தலையைச் சொறிந்தான்.

"அதுவும் காலி மேடம்."

"என்னது...!"

"மாமா சொன்னா முழுசாச் செய்வோம்னு வீட்டுக்கே போனேன். அக்காகிட்டே, 'வீட்டுல இருக்கற பழைய காப்பியைக் கொடு, மாமா காலி பண்ணச் சொன்னாங்க'ன்னு கேட்டேன். காலி பண்ணிட்டுத்தான் வந்தேன்."

எடிட்டர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். கண் நிறைந்தது. மறுபடியும் 'உதவி'. இந்த முறை அதுவும் இருக்காது.

அண்ணனின் போன் அலறியது.

"என்னங்க..." அண்ணி. குரலில் சூடு. "இந்தக் கறுப்பு டப்பாவை எப்ப எடுத்துட்டுப் போறீங்க? அலமாரியில துணி வைக்க இடமில்ல. தூக்கிப் போட்டுடவா?"

"வேண்டாம்...!"

ஸ்டூடியோவே அலறியது. ஒலி புகாத சுவரையும் தாண்டி.

எடிட்டர் போனைப் பிடுங்கினாள்.

"அண்ணி! அது உங்ககிட்டேயா இருக்கு? நேத்து உங்க தம்பி வாங்கிட்டுப் போகலையா?"

"அவனா? பழைய காப்பி கேட்டான். பாவம், அலைஞ்சுட்டு வந்திருக்கான்னு மீந்திருந்ததை டம்ளர்ல ஊத்திக் கொடுத்தேன். மடக்மடக்னு குடிச்சான். 'காலி'ன்னான். போயிட்டான்."

எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள்.

"நல்லா இருந்துச்சு மேடம்," என்றான் அவன் பணிவாக. "அதுல எந்தக் காப்பியைக் காலி பண்ண வந்தேன்னே மறந்துட்டேன்."

கறுப்பு டப்பா அண்ணியின் மடியில், ஆட்டோவில் ராஜமரியாதையோடு வந்து இறங்கியது. போஸ்ட்மார்ட்டம் மாட்டினார். நாலு காப்பி. நாலும் உயிரோடு! நாடகம் மாற்றுக் கம்ப்யூட்டரின் டி ட்ரைவில் பத்திரமாக ஏறியது.

"வேண்டாம்... கிட்டே வராதே...!" ஸ்பீக்கர் அலறியது.

அதைத் தொடர்ந்து வில்லனின் சிரிப்பு. அவ்வளவு இனிமையான சிரிப்பை எடிட்டர் கேட்டதே இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையில் இறங்கினாள்.

அண்ணன் நெற்றியைத் துடைத்தான்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! இனிமே இந்த ஸ்டூடியோவுல யாரும் காப்பி குடிக்கக் கூடாது. டீ மட்டும்தான்! மாப்பிள்ளே, புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மாமா." மச்சான் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கம்ப்யூட்டரை நெருங்கினான். "டி-யை முதல்ல காலி பண்ணிடறேன். அப்புறம் புதுசா போடறேன்!"

எடிட்டர் நாற்காலியோடு சுழன்று குறுக்கே பாய்ந்தாள்.

"எல்லாருக்கும் வெந்நீர்...!"