ஓரத்துச் சிவப்பு

“ஓரத்துச் சிவப்பு எப்படி இருக்கு, உமா?”

உதயகுமார் தன் மனைவியிடம் கேட்ட கடைசி சாதாரணக் கேள்வி அதுதான். விஜயதசமி பிற்பகல். தசரா ஊர்வலத்தில் அம்பாரி சுமந்த யானை டிவியில் நடந்துகொண்டிருந்தது. கபினி டிவியின் நேரலை வேனுக்குள் உட்கார்ந்து எல்லாக் கேமராக்களின் வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்வது அவர் வேலை. ஒவ்வொரு நேரலையின் நடுவிலும் மண்டி மொஹல்லா வீட்டுக்கு அவரிடமிருந்து போன் வந்துவிடும். வேனில் இருந்த விலையுயர்ந்த திரையைவிட வீட்டிலிருந்த பழைய டிவியைத்தான் அவர் நம்பினார். அதன் நிறத்தை யாரும் மாற்றிவிடக் கூடாதென்று ரிமோட்டில் மெனு பட்டன் மேல் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருந்தார்.

அதுவரை பளிச்சென்று இருந்த படம் அப்போதுதான் சாம்பல் பூசியதுபோல் மங்கியிருந்தது. உமாதேவி யானையின் முதுகுத் துணியைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் சிவப்புப் பட்டை.

“அதுவும் வெளுத்துத்தானுங்க இருக்குது. செங்கப்பொடி மாதிரி.”

“அதுவுமா? அப்பாடா,” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

படம் கெட்டதற்கு எதற்கு அப்பாடா என்று அவளுக்குப் புரியவில்லை. மாலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தாள். ஆனால் அவர் வீட்டுக்கு வருவதற்குள் அறிவிப்பு வந்துவிட்டது. அலுவலகப் பலகையிலும் ஊழியர்களின் வாட்ஸாப் குழுவிலும் ஒரே வாசகம்: நேரலை வேனில் உதயகுமார் தவறான முறையைப் போட்டதால் லட்சக்கணக்கான வீடுகளில் படம் கெட்டது, அவர் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. “நாளைக்கு ரெக்கார்டிங்கைக் காட்டச் சொல்றேன். பார்த்தாத் தெரிஞ்சிரும்,” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அவரைக் கேட்டுக்குள்ளேயே விடவில்லை. காலையெல்லாம் வெயிலில் நின்றவர் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கவில்லை. எடுக்கும் நேரத்தில் அலுவலகத்திலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது. நடுவில் கபினி டிவியின் லோகோ, குங்குமச் சிவப்பில். கேட்டுக்கு வெளியே நிற்கவைத்தவர்களுக்கு வளையம் அனுப்பக் கை வந்ததே என்று உமாதேவிக்கு உடம்பு பற்றி எரிந்தது.

காரியங்கள் முடிந்ததும் அவள் யாதவகிரிக்குப் போனாள். வெங்கடசுப்ரமணியன் ரயில்வே விபத்து விசாரணைகளிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி கனகலக்ஷ்மிக்கு உமாதேவிதான் ரவிக்கை தைத்துக் கொடுப்பாள்.

“அவர் பேரு அந்தப் பலகையில இருக்குதுங்க ஐயா,” என்றாள். “அதை எடுக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

“ரயில்வேல ஒரு வழக்கம் உண்டும்மா,” என்றார் வெங்கடசுப்ரமணியன். “டிரைவர் உயிரோட இருந்தா விசாரணை மாசக்கணக்கா நடக்கும். செத்துட்டா சட்டுனு முடிஞ்சுடும்.”

“ஏன்னா, அந்த நிகில்தான் பண்ணியிருக்கான். போட்டோ பார்த்தேன், முழியே சரியில்லை,” என்றாள் கனகலக்ஷ்மி. நிகில் சேனலின் தொழில்நுட்பத் தலைவன்.

“முழியை வெச்சுத் தீர்ப்புச் சொன்னா நான் எப்பவோ ஜெயிலுக்குப் போயிருப்பேன். நீ சித்த சும்மா இரு.”

அவர் கேட்கக் கேட்க உமாதேவி தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். கொளுத்தும் வெயிலையும் அரண்மனை நிழலையும் ஒரே படத்தில் தெளிவாகக் காட்ட எச்.டி.ஆர். என்று ஒன்று உண்டு. அதில் இரண்டு முறைகள். பி.க்யூ. என்பது அதற்கென்றே செய்த புது டிவிகளில் ஜொலிக்கும். மற்ற டிவிகளில் சாம்பல் பூத்துவிடும். எச்.எல்.ஜி. அத்தனை ஜொலிக்காது, ஆனால் பழைய டிவியிலும் பார்க்கும்படி இருக்கும். நிகிலுக்குப் பி.க்யூ.தான் வேண்டும். லைவில் திருத்தி அனுப்ப நேரமில்லை, எல்லா வீட்டுக்கும் போவது ஒரே படம், அதனால் எச்.எல்.ஜி.தான் என்று உதயகுமார் கூட்டத்தில் அடித்துப் பேசினார். அப்படியே முடிவானது. அப்படிப் பேசியவரே வேனில் பி.க்யூ. போட்டுவிட்டார் என்று இப்போது சொல்கிறார்கள்.

அவளிடம் ஒரு வீடியோவும் இருந்தது. பக்கத்து வீட்டு கௌரம்மாவின் பேரன் ஊர்வலத்தில் டொள்ளு மேளம் அடித்தான். அவனைப் பார்க்க உமாதேவி வீட்டுக்கு வந்த கௌரம்மா, டிவியைத் தன் போனில் படம் பிடித்திருந்தாள். வெங்கடசுப்ரமணியன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

“போன்ல அவர் கேட்டது என்ன? வார்த்தை மாறாம சொல்லுங்கோ.”

“ஓரத்துச் சிவப்பு எப்படி இருக்குன்னு.”

“யானைத் துணின்னு சொன்னாரா?”

உமாதேவி யோசித்தாள். “இல்லீங்க. அது நானா நெனைச்சுக்கிட்டது.”

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். “கனகா, நீ பொட்டு முதல்ல வைப்பியா, பவுடர் முதல்ல போடுவியா?”

“இது என்ன கேள்வி? பவுடர்தான். பொட்டு வெச்சுண்டு பவுடர் போட்டா பொட்டும்னா வெளுத்துப்போகும்?”

“அவ்வளவுதான்,” என்றார் அவர்.

விளம்பரதாரர்கள் இன்னும் விளக்கம் கேட்டுக்கொண்டிருந்ததால் சேனல் உரிமையாளர் சோனியா இவர்கள் மூவரையும் சந்திக்கச் சம்மதித்தார். அந்த அறையில் நிகில் இருந்தான். திரையில் லோகோவும் ஓடும் எழுத்தும் போடும் அஷ்வினியும் இருந்தாள். நிகில் முதலில் துக்கம் சொன்னான். பிறகு, எவ்வளவு நல்லவரானாலும் தவறு தவறுதானே என்றான். கனகலக்ஷ்மியின் வளையல்கள் சத்தம் போட்டன. கணவர் அவளைப் பார்த்தார், சத்தம் நின்றது.

“அஷ்வினி, லோகோவை எங்கே போடறேள்?”

“இங்கதான் சார், இந்த மாடியில. வேன்லேர்ந்து படம் வந்த அப்பறம்.”

“அப்போ வேன்ல தப்பு நடந்திருந்தா?”

“படம் மட்டும் வெளுத்திருக்கும். லோகோ...” அவள் பாதியில் நிறுத்திவிட்டு நிகிலைப் பார்த்தாள்.

“லோகோ குங்குமச் சிவப்பா இருந்திருக்கும்,” என்று முடித்தார் வெங்கடசுப்ரமணியன். வீடியோவை மேஜை மேல் வைத்தார். திரையின் மேல் ஓரத்தில் கபினி டிவியின் லோகோ, யானையின் துணியைப்போலவே, செங்கல்பொடி நிறத்தில் வெளுத்திருந்தது. “பொட்டு வெச்சப்புறம்தான் பவுடர் பூசியிருக்கு. கெட்டது இந்தக் கட்டடத்துலதான்.”

நிகில் சிரித்தான். போனில் எடுத்தால் எந்த நிறமும் சரியாக வராது என்றான்.

“டிவிக்கு மேல சாமுண்டி படம் இருக்கு, பாருங்கோ. அதுல வெச்ச குங்குமம் அசல் சிவப்பா விழுந்திருக்கு. அதே போன், அதே நேரம்.”

“அவங்க டிவியில செட்டிங்ஸ் மாறியிருக்கும்.”

“மாத்தற பட்டன் மேல டேப் ஒட்டியிருக்குதுங்க,” என்றாள் உமாதேவி. “என் வீட்டுக்காரர் ஒட்டினது.”

லோகோவுக்குப் பிறகு படம் எந்த வழியாகப் போகிறது என்று வெங்கடசுப்ரமணியன் மெதுவாகக் கேட்டார். வெளியே அனுப்பும் கடைசிக் கருவி ஒன்றுதான் என்று அஷ்வினி சொன்னாள். அதை மாற்றும் பாஸ்வேர்டு நிகில் சாரிடம் மட்டுமே உண்டு.

பிறகு எல்லாம் வெளிவந்தது. அன்று நிகிலின் அறையில் புதிதாக ஒரு பெரிய டிவி. அதைப் பார்க்க விருந்தாளிகள். அவர்களுக்காகக் கடைசிக் கருவியில் பி.க்யூ. என்று மாற்றினான். அந்த அறைக்கு மட்டும் என்றுதான் நினைத்தானாம். மொத்த ஊருக்கும் அதுவே போனது. அறையில் தங்க அம்பாரி தகதகத்தது, எல்லோரும் கைதட்டினார்கள். ஊர் முழுக்க மங்கியது அந்த அறையிலிருந்த ஒருவர் கண்ணிலும் படவில்லை.

“வேணும்னு பண்ணல மேடம்,” என்று சோனியாவைப் பார்த்துச் சொன்னான்.

“எங்கிட்டப் பேசுங்க,” என்றாள் உமாதேவி. அவள் குரல் உயரவில்லை. “பட்டன் மாறும். மெஷின்னா அப்படித்தான். அதுக்கு நான் வரல. மறுநாள் கேட்ல நின்னாரே, ரெக்கார்டிங் மட்டும் காட்டுங்கன்னு. அப்ப உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

நிகில் மேஜையைப் பார்த்தான்.

“தெரியும்,” என்றாள் அஷ்வினி. “ராத்திரியே ரெக்கார்டிங்கை அழிக்கச் சொன்னாங்க. நான்தான் அழிச்சேன். எதுக்குன்னு கேட்கல.”

உமாதேவி அவளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு சோனியாவிடம் திரும்பினாள். மன்னிப்புக் கடிதம் எழுதித் தருவதாக சோனியா சொல்லிக்கொண்டிருந்தார்.

“கடிதம் எனக்கெதுக்குங்க? அவர் பேரைப் போட்ட அதே பலகையில, அதே குரூப்புல, யார் பண்ணினாங்கன்னு போடுங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன்.”

போட்டார்கள். பழைய தாளைக் கிழித்து எறியப்போனவரின் கையிலிருந்து கனகலக்ஷ்மி அதைப் பிடுங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டாள். படி இறங்கும்போது, “அந்த அப்பாடா எதுக்குன்னு இப்பத்தாங்க தெரியுது,” என்றாள் உமாதேவி. அவர் கேட்டது லோகோவை. கேள்வி புரியாமல் பதில் சொல்லியிருக்கிறாள். பதில் மட்டும் சரியாக அமைந்துவிட்டது. தப்பு தன் வேனில் இல்லை என்று தெரிந்துகொண்டுதான் அவர் போனை வைத்திருக்கிறார். தெரிந்துகொண்டேதான் கேட்டில் நின்றிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டாள். மேல் ஓரத்தில் லோகோ குங்குமச் சிவப்பாக இருந்தது. கேட்க யாரும் போன் செய்யவில்லை. ரிமோட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். மெனு பட்டன் மேல் கறுப்பு டேப், ஒரு முனைகூடப் பிரியாமல், அவர் ஒட்டியபடியே இருந்தது.