மூடி போட்ட படம்

கறுப்பு வெல்வெட் துணியின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. தூசியாக இருக்கக் கூடாதா என்று அவள் கணினித் திரையை விரலால் துடைத்தாள். போகவில்லை. எழுந்து போய்த் துணியையே பார்த்தாள். துணி சுத்தமாக இருந்தது. புள்ளி படத்தில்தான் இருந்தது. கைக்கடிகாரத்துக்கு வலப்பக்கம், கொஞ்சம் மேலே. அதன் அருகில் ஒரு நீலம். உற்றுப் பார்க்கப் பார்க்க இன்னும் நிறைய.

விளம்பரத்துக்கு அவள் எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டுக் கடிகாரக் கடை மேனேஜர் ஏற்கெனவே போனில் அவளை ஒரு பிடி பிடித்திருந்தார்.

"என்னம்மா, வாட்ச் மேல மிளகாப்பொடி தூவி எடுத்தியா? காலைல எனக்குச் சுத்தமான படம் வரணும். இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

"எங்க அண்ணன் வந்ததும் பொட்டெடுத்துடுவார் சார்."

"என்னத்த எடுப்பார்?"

"சரி பண்ணிடுவார் சார்."

பொட்டெடுப்பது என்பது, படத்தில் விழும் புள்ளிகளை மறைப்பதற்கு அண்ணனும் தங்கையும் தங்களுக்குள் புழங்கிய சொல். முன்பக்கத்தில் அண்ணனின் கேமரா ரிப்பேர் கடை. பின்பக்கத்தில், ஜன்னலே இல்லாத அறையில், அவளுடைய ஸ்டுடியோ. கேமரா அவன் கொடுத்தது. கொடுத்த புதிதிலேயே அவன் சொல்லி வைத்திருந்தான்: "சென்சார்ங்கறது கேமராவோட கண்ணு, குட்டி. வயசாக ஆக அதுல ஒவ்வொரு புள்ளியா பழுதாகும், நமக்கு மச்சம் வர்ற மாதிரி. வந்த மச்சம் இடம் மாறாது. எங்க இருக்குன்னு தெரிஞ்சா மறைச்சுடலாம்."

தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. லென்ஸுக்கு மூடி போட்டு, துளி வெளிச்சமும் நுழையாமல், நீண்ட நேரம் ஓடுகிற ஒரு படம் எடுக்க வேண்டும். வெறும் கறுப்பாக வர வேண்டிய அந்தப் படத்தில் எது மினுக்குகிறதோ அது பழுது. மாதாமாதம் அண்ணன் கேமராவை முன்பக்கம் எடுத்துப் போய், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அதைச் செய்து கொண்டுவருவான். நானே செய்கிறேனே என்று அவள் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான். "அழகா எடுக்கறது உன் வேலை. அழுக்கு எடுக்கறது என் வேலை."

இந்த மாதம் அவன் எடுக்கவில்லை. கேட்டால் நாளைக்கு, நாளைக்கு. இன்று மதியம் உதிரிபாகம் வாங்கப் போனவன் இன்னும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

அவளே மூடியைப் போட்டாள். விளக்குகளை அணைத்தாள். சூடாகியிருந்த விளக்குகள் ஆறும்போது டிக், டிக் என்று நெட்டி முறித்தன. தெருப்பக்கம் மழை தகரத்தில் விழுகிற சத்தம், முன்கடையிலிருந்து ஈயம் பற்றவைத்த புகையின் காய்ந்த வாசனை, ஸ்டாண்டில் தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருக்கும் கேமராவின் ஒற்றைப் பச்சை விளக்கு. இருட்டில் அதன் எதிரே உட்கார்ந்திருப்பது, உறங்குகிற யாரையோ பார்த்துக்கொண்டிருப்பது போல் இருந்தது.

படம் வந்தது. கணினியில் அதன் வெளிச்சத்தை ஏற்றிப் பார்த்தாள்.

அவள் எதிர்பார்த்தது வானத்தில் இறைத்த நட்சத்திரங்கள் மாதிரி சிதறல். இவை சிதறியிருக்கவில்லை. சிவப்பும் நீலமும் வெள்ளையுமாய்ப் படத்தின் வலது பாதியில் மொய்த்திருந்தன. நீராவி மாதிரி. படத்தைச் சின்னதாக்கினாள். நீராவிக்குத் தோள் வந்தது. தோளுக்கு மேல், ஒரு பக்கமாகச் சாய்ந்த தலை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மேகத்தில் யானை தெரிகிற கதை. சிரிப்பு அறையில் தனியாக ஒலித்ததும் நிறுத்திக்கொண்டாள்.

சோதித்துவிடலாம். முகத்தை எப்படித் திருப்பினாலும் மச்சம் முகத்தோடுதானே வரும்? கேமராவைத் தலைகீழாகக் கவிழ்த்து ஸ்டாண்டில் பூட்டினாள். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். இன்னொரு படம் எடுத்தாள். பழுது சென்சாரில் இருந்தால் புள்ளிகள் பழைய இடத்திலேயே இருக்க வேண்டும்.

இல்லை. தோள் இப்போது இடது பாதியில் இருந்தது. தலை கீழே தொங்கியது.

கவிழ்ந்தது கேமரா மட்டும்தான். அந்த உருவம் கவிழவில்லை. அப்படியென்றால் அது கேமராவுக்குள் இல்லை.

மெதுவாகத் தலையைத் தூக்கி லென்ஸ் பார்த்திருந்த பக்கம் பார்த்தாள். வெல்வெட் துணி. மேஜை. கடிகாரம். சுவர்.

முன்கடைக்கு வந்துவிட்டாள். சாரல் அடிக்காமலிருக்க அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போயிருந்தான். கீழே ஈரத் தெருவின் ஒரு கீற்று தெரிந்தது. ஆட்கள் நடக்கிற சத்தம் கேட்டதில் கொஞ்சம் தைரியம் வந்தது. அவனுடைய கணினியைத் திறந்தாள். பழைய இருட்டுப் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தால் இது ஒரு பைத்தியக்காரத்தனம் என்று புரிந்துவிடும். அண்ணன் வந்ததும் அவனிடம் சொல்லிச் சிரிக்கலாம்.

மாதவாரியாக இருந்தன. கேமரா அவள் கைக்கு வந்த மாதத்தில், படத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கொத்து. அடுத்ததில் கொஞ்சம் பெரிது. அதற்கடுத்ததில் கால்கள். ஒவ்வொரு மாதமும் ஓர் அடி நடந்து வந்திருந்தது. ஒவ்வொரு மாதமும் அதை அவள் கண்ணில் படாமல் மறைத்துக் கொடுத்திருந்தான் அண்ணன்.

அவளுக்கு முந்தைய படங்களும் இருந்தன. அண்ணன் அந்தக் கேமராவில் படம் எடுத்த காலம். அவற்றிலும் தூரத்தில் ஒரு கொத்து, கால்கள், தோள். பிறகு முகம். கடைசிப் படத்தில் முகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

அதற்கு மறுநாள்தான் கேமராவை அவள் கையில் கொடுத்தான். அவளுக்கு நினைவிருந்தது. அம்மா அப்பா போன பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியவன், தன் உயிராக வைத்திருந்த கேமராவைக் கொடுத்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான். பாசம் என்று நினைத்து அவளும் கூட அழுதாள்.

ஷட்டருக்குக் கீழே இரண்டு கால்கள் வந்து நின்றன. அவனுடைய செருப்பு.

"அண்ணா?"

அவன் குனியவில்லை. "பொட்டெடுத்தியா குட்டி?"

"உள்ள வா. இதெல்லாம் என்ன?"

"சென்சாருக்கு வயசாச்சு." பழக்கதோஷத்தில் வந்தது போல் இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினான். "முகம் தெரிஞ்சுதா?"

"இல்ல. தலை சாஞ்சிருந்துது."

"போன மாசமும் சாஞ்சுதான் இருந்துது. எனக்கும் அப்படித்தான். சாஞ்சு பாக்கும். அப்புறம் நிமிரும்."

"தெரிஞ்சேதான் குடுத்தியா?"

"வித்துப் பாத்தேன் குட்டி. ரெண்டு தரம். என்கிட்டயே திரும்பி வந்துடுச்சு. பிரியமா வாங்கிக்கிட்டாத்தான் அது போகும். நீ எவ்வளவு ஆசையா கை நீட்டின."

"ஏண்ணா நான்?"

"உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா."

அதே குரல். அவள் காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் கை வைத்துப் பேசிய குரல். அவள் மேஜையைச் சுற்றிக்கொண்டு ஓடிவருவதற்குள் ஷட்டர் தடதடவென்று இறங்கித் தரையில் மோதியது. பூட்டு விழுந்தது. தகரத்தை இரண்டு கையாலும் அடித்தாள். "அண்ணா. திற. அண்ணா." வெளிச்சுவரில் மெயின் சுவிட்ச் பெட்டியின் கதவு கிறீச்சிடுவது கேட்டது.

விளக்குகள் போயின. கணினி போயிற்று. மின்விசிறி இரண்டு சுற்று சுற்றி ஓய்ந்தது.

பின்னறை வாசலில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது.

அருகில் ஒரு நீலம்.

பிறகு தோள்.

கேமரா உள்ளே இருந்தது. அவள் கையில் ஒன்றும் இல்லை. முதுகைத் தகரத்தில் ஒட்டிக்கொண்டாள். புள்ளிகள் சத்தமில்லாமல் மொய்த்தன. தலை உருவானது. சாய்ந்து பார்த்தது.

"குட்டி," தகரத்துக்கு அந்தப் பக்கம், காதுக்கு மிக அருகில் அண்ணன் அழுதுகொண்டிருந்தான். "கண்ண மூடிக்கோடா. பாக்காத. சீக்கிரம் முடிஞ்சிடும்."

அவன் சொல்லி அவள் எதையும் தட்டியதில்லை.

கண்ணை மூடினாள்.

மூடிய இமைக்குள் அது நின்றது. கிட்டத்தில்.

தலை மெல்ல நிமிர்ந்தது.