ஃபாஸ்தஸின் காதுகள்

ரோமானியர் காலத்துக் கப்புவா நகரின் வெண்கலப் பட்டறைத் தெருவில் திடீர் மழை... முக்காட்டை இறுக்கிக்கொண்டு, கண்ணில் பட்ட முதல் கதவுக்குள் ஓடினாள் விபிடியா.

உள்ளே, மேசைமேல், அவள் தம்பி இருந்தான்!

போன மாதம் காய்ச்சலில் போய்விட்ட குட்டி ஃபாஸ்தஸ்... மெழுகில். அதே உப்பிய கன்னம், அதே சின்ன முகவாய். அப்பா சிலை செய்யக் கொடுத்த பட்டறை இதுதானா? மறுகணம் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இது என் தம்பி இல்ல!"

சிற்பி ஹெர்மெரோஸ் நிமிர்ந்தான். மழையில் நனைந்த இரண்டு கண்கள் அவனை எரித்தன. அடேயப்பா, என்ன கண்கள்!

"உங்கப்பா குடுத்த முக அச்சு, அம்மணி. அதுல இருக்கறதைத்தான் செஞ்சேன்."

"செத்தவன் முகத்துல சாந்தை அப்பி அழுத்தினா காது ஒட்டிக்காம என்ன பண்ணும்? அவனுக்குக் காது விடைச்சுக்கிட்டு நிக்கும்!"

"நாளைக்கு இந்த மெழுகுமேல களிமண் பூசி அச்சு எடுத்துடுவேன். அப்புறம் வெண்கலம் ஊத்தினா ஊத்தினதுதான். எப்படி நிக்கும்?" மெழுகுக் காதை விரலால் இழுத்துக் காட்டினான். "இப்படியா?"

"இல்ல..."

"இப்படி?"

"ஐயோ, அது கழுதைக் காது!"

அவன் சிரித்துவிட்டான். அவளுக்கு அழுகை வந்தது. அம்மா இனிக் காலமெல்லாம் பார்க்கப்போகும் முகம் அல்லவா இது...

ஒரே வழிதான் இருந்தது. அதே காது அவளுக்கும் உண்டு. தெருப்பிள்ளைகளின் கேலிக்குப் பயந்து, விவரம் தெரிந்த நாள்முதல் கூந்தலுக்குள் ஒளித்துவைத்த காது. அதைப் போயும் போயும் இந்தச் சிரிப்புக்காரன் முன்னாலா?

கண்ணை இறுக மூடிக்கொண்டு ஈரக் கூந்தலை ஒதுக்கினாள். "சிரிச்சீங்க... கொன்னுடுவேன்."

சிரிப்பு வரவில்லை. அவன் மெழுகை இழைக்கும் சத்தம்தான் கேட்டது...

சிலை முடிந்த அன்று மறுபடி வந்தாள். வெண்கலத்தில் ஃபாஸ்தஸ்! வெள்ளைக் கல்லில் விழிகள், செம்பில் உதடுகள், விடைத்த காதுகள்... இதோ, "அக்கா" என்று கூப்பிட்டுவிடுவான் போல இருந்தான். தொடப் போன கையை அப்படியே இழுத்துக்கொண்டாள். சாவையே ஏமாற்றிவிட்டானே இந்த மனிதன்!

"எப்படிங்க... உசுரே வந்துடுச்சே!"

"உங்க காதைப் பார்த்துச் செஞ்சேன்." ஹெர்மெரோஸ் தலையைக் குனிந்துகொண்டான். "அன்னிக்கிலேர்ந்து வேற எதுவும் கண்ணுல நிக்கல, அம்மணி. நேத்து ஊர் நீதிபதி சிலைக்கும் அதே காதை வெச்சுட்டேன்... திட்டிட்டுப் போயிருக்கார்."

விபிடியா அழுதுகொண்டே சிரித்தாள். முக்காடு நழுவியது. அவள் அதை எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

"முதல்ல அதை அவர்கிட்டேயிருந்து எடுங்க. என் காது உங்க வீட்டைத் தவிர வேற எங்கயும் இருக்க வேணாம்..."